ராஜ்தூத் 350-ஆ, யெஸ்டி ரோடுகிங்கா: நாகர்கோவிலில் ஒரு கொள்முதல், நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலில் ஒருவர் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வாங்க முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து ஓட்ட வேண்டும். பத்து வருஷம் கழித்து விற்றால் போட்ட பணம் திரும்ப வேண்டும். அவர் வைத்த நிபந்தனை இவ்வளவுதான். விலைக்கு வந்த இரண்டு வண்டிகளை அவருக்காக நாங்கள் சோதித்தோம். ஒன்று, குளச்சலில் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு வீட்டு ஷெட்டில் மூன்று வருஷமாக ஓடாமல் நின்ற 1985 மாடல் ராஜ்தூத் 350. மற்றது, குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட வீட்டில் ஓரளவு ஓட்டத்திலேயே இருந்த 1988 மாடல் யெஸ்டி ரோடுகிங். ராஜ்தூதுக்குக் கேட்ட விலை ரோடுகிங்கைப்போல் மூன்று மடங்கு. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரே சொல்: ஹெச்டி.

அந்தச் சொல்லின் மதிப்பு தெரியாமல் இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது. ஜப்பானில் யமஹா விற்ற ஆர்.டி.350-ஐ உரிமம் பெற்று ஃபரிதாபாதில் எஸ்கார்ட்ஸ் 1983 முதல் தயாரித்தது. ஜப்பானில் 39 குதிரைத்திறன் கொடுத்த அதே 347 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் இங்கே அடக்கப்பட்டு வந்தது. முதலில் வந்த ஹை டார்க் (ஹெச்டி) வகைக்கு 30.5 குதிரைத்திறன். மைலேஜ் குறைவு என்ற புகாருக்குப் பதிலாகப் பின்னால் வந்த லோ டார்க் (எல்டி) வகைக்கு 27. இரண்டுக்கும் பெட்ரோல் டேங்க், சேஸ், ஆறு கியர் எல்லாம் ஒன்றுதான். வித்தியாசம் சிலிண்டரின் போர்ட்டிலும் (கலவையும் புகையும் போகும் துளை) சைலன்சரிலும் இருக்கிறது. வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது அந்த வித்தியாசத்துக்குத்தான்.

ரோடுகிங்கின் வரலாறு வேறு. மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த வண்டி, 1978-இல் தொடங்கி 1996-இல் தொழிற்சாலை மூடும்வரை வந்தது. ஒற்றை சிலிண்டர், இரட்டை சைலன்சர், நான்கு கியர், 16 குதிரைத்திறன். ஏறக்குறைய பதினெட்டு வருஷம் வந்ததால் எண்ணிக்கை அதிகம். அதனால் விலையும் அந்த உயரத்துக்குப் போகவில்லை.

ஓட்டத்தில் எது, எங்கே

காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. ராஜ்தூதின் பிஸ்டன் விட்டம் 64 மி.மீ., ஓட்டம் (பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம்) 54. ரோடுகிங்குக்கு விட்டம் 65, ஓட்டம் 75. அதாவது ஒன்று குட்டை ஓட்டத்தில் வேகமாகச் சுழலப் பிறந்த எஞ்சின். மற்றது நீள ஓட்டத்தில் அடியிலிருந்தே இழுக்கிற எஞ்சின். ராஜ்தூதில் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ரீட் வால்வு உண்டு. உள்ளே போன பெட்ரோல், காற்றுக் கலவை திரும்பி வராமல் அந்த இரும்பு இதழ்கள் தடுப்பதால் நடு வேகத்திலும் எஞ்சின் திணறாது. ரோடுகிங்கில் அது கிடையாது; போர்ட்டைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனே.

நாகர்கோவிலிலிருந்து தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக்குப் போகும் சாலையில் லாரியை முந்தும்போது ஹெச்டியில் ஒரு கியர் இறக்கி முறுக்கினால் வேலை முடிந்தது. ரோடுகிங்கில் முன்கூட்டியே தூரத்தைக் கணக்குப் போட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் அந்தக் கணவாயில் குறுக்கே அடிக்கும் காற்று, முறுக்கும்போது முன்சக்கரம் லேசாகிவிடும் ராஜ்தூதை ஒரு பக்கமாகத் தள்ளும். முப்பந்தல் காற்றாலைகள் வேகமாகச் சுற்றும் நாளில் அந்தச் சாலையில் ஹெச்டியின் முழுத் திறனையும் எடுக்கப் பார்ப்பது ஆபத்து. இந்த வண்டிக்கு ‘ரேபிட் டெத்’ என்று பட்டப்பெயர் வந்ததற்கு எஞ்சினைவிட பிரேக்கே காரணம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஜப்பானிய ஆர்.டி.யில் முன்னால் டிஸ்க் இருந்தது. இங்கே விலையைக் குறைக்க 7 அங்குல டிரம் போட்டார்கள்.

அந்த டிரம் மோசமானது அல்ல. இரண்டு ஷூவும் முன்னோக்கிக் கடிக்கும் அமைப்பு அது. ஷூ இரண்டையும் இணைக்கும் வெளிக்கம்பியின் நீளம் சரியில்லை என்றால் ஒரு ஷூ மட்டும் முதலில் தொட்டு, மற்றது சும்மா இருக்கும். பாதி பிரேக்தான் கிடைக்கும். பல வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. சரிசெய்ய, முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி இணைப்புக் கம்பியின் லாக் நட்டைத் தளர்த்துங்கள். முதல் லீவரைக் கையால் அழுத்தி ஷூ தொடும் இடத்திலேயே பிடித்துக்கொண்டு, இரண்டாவது லீவரும் அதே நேரம் தொடும்வரை கம்பியைத் திருகி, நட்டை இறுக்குங்கள். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: இந்த அமைப்பு முன்னோக்கிப் போகும்போது மட்டுமே நன்றாகக் கடிக்கும். மார்த்தாண்டம் பக்கத்து ஏற்றங்களில் நிறுத்தி நின்றால் வண்டி பின்னோக்கி நழுவும். பின் பிரேக்கையும் சேர்த்து மிதித்திருக்க வேண்டும்.

பூதப்பாண்டி வழியாகக் கீரிப்பாறைக்கு ஏறும் பாதையில் கதை மாறுகிறது. வளைவுக்கு வளைவு முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது ரோடுகிங் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே போய்விடும். ராஜ்தூதில் கியர் பெட்டியோடு காலுக்கு ஓயாத வேலை. இறக்கத்தில் இரண்டுக்கும் எஞ்சின் பிரேக் கிடையாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ரோடுகிங்கில் இன்னொரு எச்சரிக்கை உண்டு: ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போவதால், ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு நீண்ட இறக்கம் இறங்கினால் பிஸ்டனுக்கு ஆயிலும் போகாது. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து லேசாக முறுக்கிவிட வேண்டும்.

தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் மேற்குச் சாலையில் இரண்டுமே ஒன்றுதான். அங்கே ஹெச்டிக்கும் முப்பதைத் தாண்ட இடம் கிடைக்காது. லிட்டருக்கு 20 கிலோமீட்டரை ஒட்டிக் குடிப்பது மட்டும் மிச்சம்.

குளச்சல் ராஜ்தூத்

விற்பவர் சொன்னது: “அண்ணே, இஞ்சின்ல கை வச்சதே கெடையாது, கம்பெனி ஃபிட்டிங்காக்கும்.” வண்டியைப் பார்த்தால் அதை நம்பலாம் போலத்தான் இருந்தது. டேங்க் பளபளத்தது. ஒரு சின்னக் காந்தத்தை டேங்கின் அடி ஓரமாக நகர்த்தியபோது இரண்டு இடத்தில் ஒட்டவில்லை; உள்ளே பட்டி. ஸ்போக் நிப்பிள்களில் பாதி இறுகிப்போயிருந்தன, ரிம்மின் உள்பக்கம் துரு செதில் செதிலாக வந்தது. பேட்டரித் தட்டுக்குக் கீழே இருக்கும் சேஸ் குழாயை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டியபோது ஓசை கணீரென்று வந்தது. அந்த அளவில் நல்ல செய்தி. உப்புக்காற்றும் பேட்டரி அமிலமும் சேர்ந்து முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். சைலன்சர் இரண்டும் உள்ளூரில் செய்தவை, அசல் அல்ல. கடலோரத்தில் அசல் சைலன்சர் நாற்பது வருஷம் நிற்பது அபூர்வம் என்பதால் அதைக் குற்றமாக எடுக்கவில்லை.

எஞ்சின் மூன்று உதையில் பிடித்தது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, பிளக் இரண்டையும் கழற்றிப் பார்த்ததில் வலது பிளக் காப்பிப்பொடி நிறம். இடது சுண்ணாம்பு வெள்ளை. இத்தோடு வண்டியை முறுக்கி ஓட்டுவது நிறுத்தப்பட்டது. ஒரே எஞ்சினில் இரண்டு பிளக்கும் இரண்டு நிறம் காட்டினால் வெளுத்த பக்கத்து சிலிண்டருக்கு எங்கிருந்தோ திருட்டுக்காற்று போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். காற்று கூடினால் பெட்ரோல் குறையும், அதோடு சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் ஜாம் ஆகும் அல்லது தலையில் ஓட்டை விழும்.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கக் காற்றழுத்தச் சோதனைதான் வழி. இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை ரப்பர் தகடு வைத்து அடைத்து, பிளக் துளை வழியாகக் கைப்பம்பில் 6 பி.எஸ்.ஐ. மட்டும் ஏற்ற வேண்டும். அதற்குமேல் ஏற்றினால் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் நன்றாக இருந்தாலும் மடங்கிவிடும். நிமிஷத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. ராஜ்தூதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு சிலிண்டருக்கும் நடுவே கிராங்கில் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இருப்பது ரப்பர் சீல் அல்ல, உரசாத வரிப்பள்ள சீல். அது காற்றை முழுக்க நிறுத்தாது. ஒரு பக்கத்தை மட்டும் அடைத்துச் சோதித்தால் காற்று நடுவே நழுவி அடுத்த பக்கம் வெளியேறும். நல்ல எஞ்சினும் கெட்டது போலக் காட்டும். எனவே இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும்.

அப்படி அடைத்தும் ஒரு நிமிஷத்துக்குள் அழுத்தம் முழுக்க இறங்கிவிட்டது. சோப்புத் தண்ணீர் அடித்ததில் இடது பக்கம், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் சீலில் குமிழ் வந்தது. ஓடாமல் நின்ற வண்டியில் சீலின் உதடு ஆயில் படாமல் காய்ந்து இறுகும். அதன்பின் ஷாஃப்ட்டைத் தழுவாது. வலது பக்க சீல் போயிருந்தால் அறிகுறி வேறாக இருந்திருக்கும்: அந்தப் பக்கம் கிளட்சும் கியர் ஆயிலும் இருப்பதால் ஆயிலை உள்ளே உறிஞ்சி வலது சைலன்சரில் வெள்ளைப் புகை கக்கும், கியர் ஆயில் அளவும் குறையும். புகை கண்ணுக்குத் தெரிவதால் வலது பக்கத்தைச் சீக்கிரம் கவனிப்பார்கள். இடது பக்கம் சத்தமில்லாமல் கொல்லும்.

ஹெட்டைக் கழற்றியபோது கதை முழுவதும் தெரிந்தது. பிஸ்டன் தலையில் இரண்டு பக்கமும் இரண்டாவது ஓவர்சைஸ், அதாவது அசல் 64 மி.மீ.யைவிடப் பெரிய 64.50. ‘கை வச்சதே கெடையாது’ என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்து வெர்னியரின் ஆழக்கம்பியால் சிலிண்டரின் மேல்விளிம்பிலிருந்து எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் ஓரம்வரை அளந்தோம். இடதுக்கும் வலதுக்கும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம். தேய்மானத்தால் போர்ட் உயரம் மாறாது. அசல் என்று உறுதியான ஒரு ஹெச்டி சிலிண்டரோடு வைத்துப் பார்த்ததில் வலது ஒத்துப்போனது, இடது ஒத்துப்போகவில்லை. வலது ஹெச்டி, இடது எல்டி.

நடந்ததை ஊகிப்பது கடினமல்ல. இடது சீல் முன்பும் ஒருமுறை கசிந்திருக்கிறது, அந்த சிலிண்டர் ஜாம் ஆகிக் கெட்டிருக்கிறது, கிடைத்த சிலிண்டரைப் போட்டு இரண்டையும் ஒரே அளவுக்கு போர் பண்ணியிருக்கிறார்கள், அதாவது உள்சுவரைக் கடைந்து விட்டத்தைக் கூட்டியிருக்கிறார்கள். ஜாமுக்குக் காரணமான கசிவை யாரும் தேடவில்லை, அல்லது சீலை மாற்றியும் ஓடாமல் நின்ற மூன்று வருஷத்தில் அது மறுபடி இறுகிவிட்டது. எஞ்சினின் நோயும் சேகரிப்பு மதிப்பின் சரிவும் இந்த வண்டியில் ஒரே இடத்திலிருந்து வந்தவை. போர்ட் உயரம் வேறுபட்ட இரண்டு சிலிண்டர்கள் ஒரே கிராங்கில் ஓடினால் ஒன்று தள்ளும் வேகத்தில் மற்றது தள்ளாது. எத்தனை முறை கார்புரேட்டர் ட்யூன் செய்தாலும் அதிர்வு போகாது.

வேலையின் அளவு இது. சீல் மாற்ற கிராங்க் கேஸை மேல் கீழாகப் பிரிக்க வேண்டும். சீலின் வெளி வரம்பு கேஸின் பள்ளத்தில் உட்காருவதால் வெளியிலிருந்து நெம்பிப் போடுவது ஒழுங்கான வேலை அல்ல. பிரித்த கையோடு பேரிங்கையும் பார்த்து, கிராங்கை இரண்டு முனையிலும் டயல் கேஜ் வைத்துச் சுற்ற வேண்டும், ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அழுத்திப் பொருத்திய இரட்டை கிராங்க் இது. ஒற்றை சிலிண்டர் கிராங்கைச் சுத்தியலால் தட்டி நேராக்கும் பழக்கத்தில் இதைத் தொட்டால் வண்டி ஆயுளுக்கும் உதறும். சிலிண்டரை 64.75-க்கு போர் பண்ணி, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே 0.040 முதல் 0.045 மி.மீ. விட வேண்டும். அதற்கு அடுத்து 65.00 மட்டுமே மிச்சம். ரீட் இதழ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஒன்றின் நுனி உடைந்திருந்தது. அந்தத் துண்டு எஞ்சினுக்குள்தான் போயிருக்கும். டூடி ஆயில் பம்ப் கழற்றப்பட்டு அதன் வாய் தகடு வைத்து அடைக்கப்பட்டிருந்தது, ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஓட்டியிருக்கிறார்கள். ஓட்ட அது போதும். ஆனால் அசல் பம்ப் இல்லாத ராஜ்தூதை எந்தச் சேகரிப்பாளரும் முழு விலைக்கு எடுக்க மாட்டார். பம்பைத் திரும்ப மாட்டினால் குழாயில் காற்று இல்லாமல் வடித்து, முதல் டேங்க் பெட்ரோலிலும் ஆயில் கலந்தே ஓட்ட வேண்டும்.

வண்டித் தாளிலும் ஒரு சிக்கல் இருந்தது. வண்டி கேரளப் பதிவு. பதிவுப் புத்தகம் 2015-இல் காலாவதி. முதலில் பதிந்த அலுவலகத்தில் படிவம் 25 வைத்துப் புதுப்பித்து, படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி வந்த பிறகே நாகர்கோவில் அலுவலகத்தில் டி.என்.74 எண் கேட்க முடியும். இங்கே சாலை வரி தனி. 20 வருஷம் கடந்த இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். தாமதத்துக்கான தண்டம் அதற்கு மேல்.

குலசேகரம் ரோடுகிங்

கடலிலிருந்து தள்ளி நின்றதால் இந்த வண்டி துருவிலிருந்து தப்பியிருக்கும் என்றுதான் எதிர்பார்க்கத் தோன்றும். தப்பவில்லை, எதிரி மட்டும் வேறு. வண்டி நின்றது ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையின் ஓரம். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவி பட்டு குரோம் முழுக்கப் புள்ளி விழுந்திருந்தது. எஞ்சின் மூடிகளின் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. தோட்டப் பகுதியில் பழைய வண்டி பார்க்கிறவர்கள் எங்கே நின்றது என்று முதலில் கேட்க வேண்டும். அமிலக் குடம் இருந்த அறையென்றால் ஸ்போக்கையும் கார்புரேட்டர் உடலையும் கூடுதலாகச் சோதியுங்கள்.

எஞ்சின் நல்ல நிலை. இதே காற்றழுத்தச் சோதனையில் நிமிஷத்துக்கு அரை பி.எஸ்.ஐ. கூட இறங்கவில்லை. வாரம் ஒருமுறையாவது ஓடியதால் சீலில் ஆயில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

குறைகள் இந்த வகைக்கே உரியவை. ஒரே லீவர்தான் கியருக்கும் கிக்குக்கும். உள்ளே தள்ளித் திருப்பி உதைக்க வேண்டும். அதன் பல் தேய்ந்து நழுவியது. கியர் லீவரை அழுத்தும்போதே கிளட்ச் தானாக விலகும் அமைப்பு இதில் உண்டு. அதன் திருகைத் தவறாக வைத்தால் இரண்டு தொல்லை: இறுக்கினால் கிளட்ச் எப்போதும் லேசாக விலகியே நின்று ஏற்றத்தில் வழுக்கும், தளர்த்தினால் கியர் கரகரக்கும். கிளட்ச் கேபிளைச் சரியாக வைத்த பிறகே இந்தத் திருகைத் தொட வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். இந்த வண்டியில் ஏற்றத்தில் வழுக்கலை வைத்துக் கிளட்ச் தகடுகள் போய்விட்டதாகச் சொல்லப்பட்டிருந்தது. திருகை அரைச் சுற்று தளர்த்தியதும் வழுக்கல் நின்றது.

இரண்டு சைலன்சரிலும் கரி அடைத்திருந்தது. உள்குழாயை உருவி காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓர் இரவு போட்டால் உதிர்ந்துவிடும். அது இரும்புக்கு மட்டும். அலுமினியப் பாகம் எதையும் அதில் நனைக்கக் கூடாது. புத்தகம் இதே மாவட்டப் பதிவு, இரண்டாவது உரிமையாளர், புதுப்பிப்பு நடப்பில் இருந்தது. பென்சில் தேய்த்து எடுத்த சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின.

இரண்டு வண்டிக்கும் பொதுவான ஒன்று, இன்றைய பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று கூடியதுபோல் அதை மெலிதாக்கும். காற்றால் குளிரும் பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு அது சூடு. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டி, முழு முறுக்கில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அங்கேயே எஞ்சினை நிறுத்தி பிளக் நிறம் பார்க்க வேண்டும். இங்கே ஜூனிலும் ஐப்பசியிலும் இரண்டு மழை. அந்த ஈரத்தை எத்தனால் உறிஞ்சி, தண்ணீராகப் பிரிந்து டேங்க் அடியில் நிற்கும். ஒரு மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுவதே நல்லது. ரோடுகிங்குக்கு போர் பண்ணிய புதிதில் லிட்டருக்கு 40 மில்லி டூடி ஆயில். பழகிய பின் 33 மில்லி போதும்.

விலை எப்படி முடிந்தது

பத்து வருஷக் கணக்கில் ராஜ்தூத்தான் மதிப்பு ஏறும் வண்டி. குறைந்த காலமே வந்தது, அதிலும் ஹெச்டி கொஞ்ச காலம். பல பாகங்களுக்கு ஜப்பானிய ஆர்.டி.350-இன் உதிரியும் பொருந்தும். யெஸ்டி என்ற பெயர் 2022-இல் புது வண்டிகளோடு திரும்பி வந்ததில் பழைய ரோடுகிங்கின் மேல் ஆசை கூடியிருக்கிறது. ஆனால் புது வண்டியின் பாகம் ஒன்றும் பழையதற்கு ஆகாது. விண்டேஜ் பதிவு கிடைக்கும் என்று சொல்லி விலை ஏற்றுகிறவர்களும் உண்டு. 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், வி.ஏ. வரிசை எண், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷச் செல்லுபடி, அன்றாடம் ஓட்ட முடியாது. 1985 ராஜ்தூதுக்கு அது 2035-இல்தான் பொருந்தும். இன்றைய விலையில் அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ராஜ்தூதுக்கு நாங்கள் சொன்ன விலை இப்படி: முழு ஹெச்டி விலை அல்ல, நல்ல எல்டியின் விலை. அதிலிருந்து கிராங்க் வேலை, போர், ரீட், ஆயில் பம்ப், கேரளத் தாள் செலவு எல்லாம் கழிக்க வேண்டும். அது கேட்ட விலையில் பாதிக்குச் சற்றுக் கீழே வந்தது. விற்பவர் சம்மதிக்கவில்லை. வாங்க வந்தவர் ரோடுகிங்கை எடுத்தார். லீவர், ஸ்போக், குரோம் வேலை ஆகியவற்றுக்காகக் கேட்ட விலையில் சிறிது குறைந்தது. டயரும் கிளட்ச் கேபிளும் மாற்றி, சைலன்சர் சுத்தம் செய்து, அதே மாதம் சாலைக்கு வந்தது. ஓட்டத்தில் அது ராஜ்தூதுக்கு ஈடு இல்லை. வாங்கியவர் கேட்ட இரண்டு நிபந்தனையில் முதலாவதை உடனே நிறைவேற்றக்கூடியது இது ஒன்றுதான்.

குளச்சல் வண்டியின் சேஸ் இன்னும் நன்றாகவே இருக்கிறது. அதைக் கைவிடக் கூடாது. அதை எடுக்க நினைப்பவர் முதலில் இடது பக்கத்துக்கு ஒரு ஹெச்டி சிலிண்டர் தேட வேண்டும், 65.00-க்கு உள்ளே போர் மிச்சமுள்ளதாக. கிடைத்ததும் காசு கொடுப்பதற்கு முன் வெர்னியரை எடுத்து, வலது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் உயரம் என்ன காட்டியதோ அதே அளவு இதிலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.